கடன் பத்திரத்தில் இரண்டு கையெழுத்து

2009 பிப்ரவரி 18. அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டு அதிபர் ஒபாமா ஒரு திட்டத்தை அறிவித்தார். அவர் பதவியேற்று ஒரு மாதம்கூட நிறையவில்லை. வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாமல் தத்தளிக்கும் குடும்பங்களுக்காக 7,500 கோடி டாலர் ஒதுக்கப்படும், 90 லட்சம் குடும்பங்கள் வரை பயன்பெறும் என்றார். மறுநாள் காலை சிகாகோவின் முன்பேர வணிகக் கூடத்திலிருந்து நேரலையில் பேசிய சிஎன்பிசி தொலைக்காட்சியின் ரிக் சாண்டெல்லி கொதித்தெழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தகுதிக்கு மீறிக் கடன் வாங்கிக் கூடுதலாக ஒரு குளியலறை வைத்துக்கொண்டால், அந்தக் கடனை நீங்கள் கட்டத் தயாரா என்று சுற்றியிருந்த வணிகர்களைப் பார்த்துக் கேட்டார். ‘மாட்டோம்’ என்று கூடமே கத்தியது. அந்தச் சில நிமிடப் பேச்சில்தான் ‘டீ பார்ட்டி’ என்ற பெயர் அரசியல் இயக்கமாக வேர்பிடித்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஒபாமாவின் கட்சி கீழவையில் 63 இடங்களைப் பறிகொடுத்தது.

கடன் வாங்கியவர் தன் கடனுக்குத் தானே பொறுப்பா, அவர் தடுமாறும்போது அரசு கைகொடுக்க வேண்டுமா என்ற கேள்வி அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. ஆனால் 2007 முதல் 2012 வரை அமெரிக்கா பட்ட பாட்டைப்போல அந்தக் கேள்வியை முழுமையாகச் சோதித்துப் பார்த்த காலம் வேறில்லை. பொருளியலாளர்கள் அதன் தரவுகளை இன்றுவரை அலசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அலசல்களை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாண்டெல்லியின் கேள்விக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். அன்று அந்தக் கூடத்தில் கத்தியவர்களை விடுங்கள். நாடெங்கும் அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் அல்லர். வீட்டு விலை ஏறிக்கொண்டே போனபோது, ‘நம் சம்பளத்துக்கு இது தாங்காது’ என்று வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் அவர்களில் உண்டு. ஓர் அறையைக் குறைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே தள்ளிப்போய், 20 சதவீத முன்பணம் சேர்க்கப் பத்தாண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள் உண்டு. வேலை போன பிறகும் சேமிப்பைக் கரைத்துத் தவணை தவறாமல் கட்டியவர்கள் உண்டு. அவர்களுடைய வரிப்பணம் கவனமில்லாதவருக்குப் போகிறது என்றால் அந்தக் கோபம் நியாயமானதுதான். கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நம் ஊர்களில் ‘அப்போ ஒழுங்காக் கட்டினவன் ஏமாளியா?’ என்று எழும் குரலும் இதே குரல்தான். இதைப் பொறாமை என்று ஒதுக்குகிறவர்கள் பிரச்சினையின் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

கோபம் நியாயம்தான். அது யார் மீது பாய வேண்டும் என்பதில்தான் பிழை நேர்ந்தது.

கடன் எப்படிக் கொடுக்கப்பட்டது என்று பார்ப்போம். 2003 ஜூனில் அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டியை 1 சதவீதத்துக்கு இறக்கியது. பணம் மலிந்தது. கடன் கொடுத்த நிறுவனம் அதைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டு முப்பது ஆண்டு வசூலிக்கும் பழைய வழக்கம் தேய்ந்துபோயிருந்தது. கொடுத்த கடன்களை ஆயிரக்கணக்கில் கட்டுக்கட்டிப் பத்திரங்களாக்கி உலகெங்கும் விற்றுவிடலாம். கடன் திரும்புமா திரும்பாதா என்பது வாங்கியவர் தலைவலி. கொடுத்தவருக்குக் கட்டணம் கையில் வந்துவிட்டது. ஆகவே வருமானச் சான்று கேட்காத கடன்கள் பெருகின. சொன்னால் போதும், எழுதிக்கொள்வார்கள். வட்டியைக்கூட முழுதாகக் கட்ட வேண்டாம், மீதியை அசலில் ஏற்றிவிடுகிறோம் என்ற கடன்களும் வந்தன. கடன் வரலாறு பலவீனமானவர்களுக்கான சப்பிரைம் கடன்களில் பெரும்பாலானவை ‘2/28’ வகை: முதல் இரண்டு ஆண்டு நிலையான வட்டி, அடுத்த 28 ஆண்டு சந்தையோடு ஏறும் வட்டி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 லட்சம் டாலர் கடன், தொடக்க வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 1,800 டாலர். இரண்டு ஆண்டு கழித்து வட்டி 9 சதவீதமானால் தவணை ஏறத்தாழ 2,390 டாலர். மாதம் 590 டாலர் கூடுதலாக எங்கிருந்து வரும்? ‘அதற்குள் வீட்டு விலை ஏறிவிடும், மறுகடன் வாங்கிப் பழையதை அடைத்துவிடலாம்’ என்பதுதான் தரகர் சொன்ன பதில். 2006 நடுவில் விலை ஏற்றம் நின்றது. மறுகடன் கதவு சாத்தப்பட்டது.

இடைத்தரகருக்குக் கிடைத்த கமிஷனையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடன் வாங்குபவர் தகுதிபெற்ற வட்டியைவிடக் கூடுதல் வட்டிக்கு அவரைச் சம்மதிக்க வைத்தால், அந்த வித்தியாசத்துக்கு ஏற்பத் தரகருக்குப் பணம் தரும் வழக்கம் சட்டப்படியே இருந்தது. தன் பக்கம் உட்கார்ந்து படிவம் நிரப்பியவர், உண்மையில் எதிர்த் தரப்பின் கூலியாள் என்பது வீடு வாங்கியவருக்குத் தெரியாது. இந்த வழக்கத்துக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது 2010க்குப் பிறகுதான். 2011 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை கண்ட்ரிவைடு என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் மீதான வழக்கை 33.5 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டது. 2004 முதல் 2008 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களிடம், அதே தகுதி கொண்ட வெள்ளையரைவிடக் கூடுதலாகக் கறந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களில் சிலர் சாதாரணக் கடனுக்கே தகுதி பெற்றிருந்தும் சப்பிரைம் கடனுக்குள் தள்ளப்பட்டார்கள் என்றும் நீதித்துறை சொன்னது. இப்படித் தள்ளப்பட்டவரைப் பார்த்து ‘நீதானே கையெழுத்துப் போட்டாய்’ என்று சொல்வது எவ்வளவு தூரம் நியாயம்?

இதனால் கடன் வாங்கியவர்கள் எல்லோரும் அப்பாவிகள் ஆகிவிட மாட்டார்கள். வருமானத்தைப் பொய்யாகக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. ஏறும் விலையை நம்பி வீட்டின் மீது மேலும் மேலும் கடன் வாங்கிக் காரும் சுற்றுலாவுமாகச் செலவழித்தவர்கள் உண்டு. இவற்றைவிட முக்கியமான ஒன்றை நியூயார்க் மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அரிசோனா, கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, நெவாடா ஆகிய நான்கு மாநிலங்களில் உச்சகட்டத்தின்போது வீடு வாங்கக் கொடுத்த கடன்களில் ஏறத்தாழ பாதி, ஏற்கெனவே ஒரு வீடாவது வைத்திருந்தவர்களுக்குப் போயிருந்தது. வாங்கி விற்று லாபம் பார்க்க வந்தவர்கள் அவர்கள். விலை விழுந்ததும் முதலில் கைகழுவியவர்களும் அவர்கள்தான். ‘ஏழைகளுக்குத் தகுதியில்லாமல் கடன் கொடுத்ததால் வந்த வினை’ என்ற கதையில் இந்தப் பகுதி வழக்கமாக விட்டுப்போகும்.

மக்கள் ஏன் தவணை தவறுகிறார்கள் என்பதுதான் இந்த விவாதத்தின் அச்சாணி. கட்ட முடிந்தும் கட்டாமல் விடுகிறார்கள் என்றால் சாண்டெல்லி சொன்னது சரி. கட்ட முடியாமல் விடுகிறார்கள் என்றால் வேறு கதை.

2009 முடிவில் அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் மீதிருந்த கடன், வீட்டின் விலையைவிட அதிகம். அடமானக் கடன் உள்ள வீடுகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று. இப்படி ஆனதை ‘மூழ்கிய வீடு’ என்பார்கள். லாஸ் வேகஸிலும் ஃபீனிக்ஸிலும் விலை பாதிக்கும் கீழே போயிருந்தது. கணக்குப்படி யோசிப்பவர், 1.4 லட்சம் டாலர் பெறும் வீட்டுக்கு 3 லட்சம் கட்டிக்கொண்டிருப்பதைவிடச் சாவியை வங்கிக்கு அனுப்பிவிட்டு எதிர்த்தெருவில் வாடகைக்குப் போய்விடலாம். சில மாநிலங்களில் வீட்டைத் தவிர வேறெதையும் வங்கி தொடவும் முடியாது. ஆனாலும் பெரும்பாலோர் அப்படிச் செய்யவில்லை. பாஸ்டன் மத்திய வங்கியைச் சேர்ந்த ஃபூட், ஜெரார்டி, வில்லன் ஆகியோர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 1990களின் தொடக்கச் சரிவை ஆராய்ந்தார்கள். மூழ்கிய வீடு வைத்திருந்த சுமார் ஒரு லட்சம் பேரில் அடுத்த மூன்றாண்டுகளில் வீட்டை இழந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. வீடு மூழ்குவது மட்டும் போதாது. அதோடு வேலையிழப்போ, நோயோ, மணமுறிவோ சேர்ந்தால்தான் தவணை நிற்கிறது என்றார்கள். பிற்காலத்தில் கேனாங், நோயல் என்ற இரு பொருளியலாளர்கள் வங்கிக் கணக்குகளையே நேரடியாகப் பார்த்து இன்னும் துல்லியமாகச் சொன்னார்கள்: மூழ்கிய வீட்டுக்காரர்கள் தவணை தவறியதில், விலை வீழ்ச்சி மட்டுமே காரணமாக இருந்தது வெறும் 6 சதவீதம். 70 சதவீதத்துக்கு வருமானம் நின்றுபோனது மட்டுமே காரணம். மீதி இரண்டும் சேர்ந்தது. 2009 அக்டோபரில் அமெரிக்க வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

எதிர்ச்சான்றும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கண்ட்ரிவைடு நிறுவனம் 2008இல் மாநில அரசுகளோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது: தவணை தவறிய சப்பிரைம் வாடிக்கையாளர்களுக்குக் கடனைத் தளர்த்தித் தருவோம் என்று. அந்த அறிவிப்புக்குப் பிறகு, அதுவரை ஒழுங்காகக் கட்டி வந்த அதன் வாடிக்கையாளர்களிடம் தவணை தவறுவது மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட ஏறத்தாழ 10 சதவீதம் கூடியது என்று பொருளியலாளர் மேயரும் அவருடைய சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். கூடியது யாரிடம் என்றால், கையில் கடன் அட்டை இருப்பு தாராளமாக இருந்தவர்களிடம். உதவி கிடைக்கும் என்று தெரிந்தால் சிலர் வேண்டுமென்றே தவறுவார்கள். இழப்பை வேறொருவர் தாங்குவார் என்றால் மனிதர் கவனம் குறைகிறார் என்ற பழைய எச்சரிக்கை பொய்யல்ல. ஆனால் அதன் அளவைப் பாருங்கள். அது ஓரத்தில் நடந்தது. அந்த ஓரத்தை வைத்து நடுவில் இருந்த பெருங்கூட்டத்தைத் தீர்ப்பிட்டதுதான் தவறு.

இன்னொன்றும் உண்டு. கட்ட முடிந்தும் கட்டாமல் விடுவது ஒழுக்கக்கேடு என்று அமெரிக்கர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நினைத்தார்கள் என்கிறது கீசோ, சபியென்சா, ஜிங்காலஸ் ஆகியோரின் கருத்தாய்வு. அரிசோனா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பிரெண்ட் வைட் இதையே மறுபுறமாகத் திருப்பினார்: குடும்பங்களை வெட்கமும் பயமும் கட்டிப்போடுகின்றன, வங்கிகளை அவை கட்டுவதில்லை. அவர் சொன்னதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. 2006இல் 540 கோடி டாலருக்கு வாங்கிய நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் டவுன் குடியிருப்பை 2010 ஜனவரியில் அதன் உரிமையாளர்கள் கடன்காரர்களிடம் விட்டுவிட்டு நடந்தார்கள். வீட்டுக்கடன் வழங்குவோரின் தேசியச் சங்கம் 2007இல் 7.9 கோடி டாலருக்கு வாங்கிய தன் வாஷிங்டன் தலைமையகத்தை 2010 பிப்ரவரியில் 4.13 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வாடகைக்குப் போனது. வீட்டை விட்டுப் போகிறவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் என்ன பாடம் சொல்கிறார்கள் என்று கேட்டவர் அந்தச் சங்கத்தின் தலைவர்தான். நிறுவனம் செய்தால் வணிக முடிவு, குடும்பம் செய்தால் ஒழுக்கக்கேடு என்ற இந்த இரட்டை அளவுகோல் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

உதவி என்ற பெயரில் என்ன நடந்தது என்பதற்கு முன், 1933க்கு ஒரு முறை போய்வர வேண்டும். பெருமந்தத்தின்போது வீட்டுக்கடன்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுக் கடன்களாக இருந்தன. முடிவில் அசலை மொத்தமாக அடைக்க வேண்டும் அல்லது புதுப்பிக்க வேண்டும். வங்கிகளே விழுந்தபோது புதுப்பிக்க ஆளில்லை. மினசோட்டா மாநிலம் வீட்டு ஏலங்களைத் தள்ளிவைக்கச் சட்டம் போட்டது; ஒப்பந்தத்தின் புனிதம் கெட்டுவிட்டது என்று வழக்குத் தொடர்ந்தார்கள்; 1934இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ஏற்றது. ரூஸ்வெல்ட் அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை உருவாக்கியது. அது வங்கிகளுக்கு அரசு உத்தரவாதப் பத்திரங்களைக் கொடுத்துத் தத்தளிக்கும் கடன்களை வாங்கிக்கொண்டது. வீட்டுக்காரருக்கு அதை 15 ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும்படி 5 சதவீத வட்டியில் மாற்றிக் கொடுத்தது. இலவசம் எதுவும் இல்லை. விண்ணப்பித்த சுமார் 19 லட்சம் பேரில் 10 லட்சத்துக்குச் சற்று அதிகமானோருக்கே கிடைத்தது. அதிலும் ஐந்தில் ஒருவர் பிறகும் கட்ட முடியாமல் வீட்டை இழந்தார். எட்டு லட்சம் குடும்பங்கள் வீட்டில் தங்கின. அந்தக் கழகம் நகர வட்டாரங்களைத் தரம்பிரித்து வரைந்த வரைபடங்களில் கறுப்பினத்தவர் பகுதிகள் சிவப்பில் குறிக்கப்பட்டன என்ற கறை அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது; அதையும் மறக்க முடியாது. ஆனால் கணக்கை முடித்து 1951இல் மூடியபோது அரசுக்கு நட்டமில்லை, சிறு லாபம்.

2008இல் இந்த வழி கண்முன் இருந்தும் அரசு வேறு வழியில் போனது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த ஒரு திட்டத்துக்கு 30,000 கோடி டாலர் வரை உத்தரவாதம். நான்கு லட்சம் குடும்பங்கள் பயன்பெறும் என்றார்கள். வேண்டுமென்று தவறவில்லை என்று உறுதிமொழி தர வேண்டும், விண்ணப்பத்தில் பொய் இல்லை என்று காட்ட வேண்டும், வருங்கால விலையேற்றத்தில் அரசுக்குப் பங்கு தர வேண்டும், கடன் கொடுத்தவரும் தானாக முன்வந்து அசலைக் குறைக்க வேண்டும். தகுதியில்லாதவர் ஒருவரும் நுழைந்துவிடக் கூடாது என்று கட்டிய வேலி அது. பயன்பெற்றோர் எண்ணிக்கை ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை.

ஒபாமா மேசாவில் அறிவித்ததன் முக்கியக் கிளைக்கு ‘ஹாம்ப்’ என்று பெயர். குடும்ப வருமானத்தில் 31 சதவீதத்துக்குள் தவணை அடங்கும்படி கடனை மாற்றியமைக்க வேண்டும்: வட்டியை 2 சதவீதம் வரை இறக்கலாம், காலத்தை 40 ஆண்டு வரை நீட்டலாம். முன்பு சொன்ன அதே 3 லட்சம் டாலர் கடனுக்கு, 2 சதவீதத்தில் 40 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 910 டாலர்தான். முழுசாக மூழ்கிக்கொண்டிருந்த குடும்பம் மூச்சு விட்டுவிடும். காகிதத்தில் நல்ல திட்டம்தான். ஆனால் அதை நடத்தும் பொறுப்பைத் தவணை வசூலிக்கும் நிறுவனங்களிடமே விட்டார்கள். அவற்றுக்குக் கடன் சொந்தமில்லை. பத்திரம் வாங்கியவர்களுக்காக வசூலித்துத் தரும் ஏஜெண்டுகள். தாமதக் கட்டணம் அவற்றின் வருமானம். வீடு ஏலம் போனால் தாங்கள் செலவழித்தது முதலில் கைக்கு வரும். ஒரு கடனை மாற்றியமைக்க ஆள் போட்டு, காகிதம் சரிபார்த்து, மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அதற்கு அரசு கொடுத்தது தொடக்கத்தில் ஆயிரம் டாலர். எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது தெரிந்ததுதானே.

சம்பளச் சீட்டும் வரிக் கணக்கும் அனுப்பினால் காணாமல் போயின. மறுபடி அனுப்பினால், தேதி பழையதாகிவிட்டது என்றார்கள். ஒரு மேசையில் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்க, அடுத்த மேசையில் ஏல நோட்டீஸ் தயாரானது. மூன்று மாதச் சோதனைக் காலத்தில் குறைந்த தவணையை ஒழுங்காகக் கட்டி முடித்த பல்லாயிரம் பேருக்கு, கடைசியில் தகுதியில்லை என்று பதில் வந்தது. குறைத்துக் கட்டிய மீதியையும் அபராதத்தையும் மொத்தமாகக் கேட்டார்கள். தவணை தவறினால்தான் உதவி என்று வசூல் நிறுவனத்தாரே சொன்னதாகப் பலர் புகார் கூறினார்கள். பொறுப்புள்ளவரைப் பொறுப்பற்றவராக மாறச் சொன்ன அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. 30 முதல் 40 லட்சம் குடும்பங்கள் என்று சொன்ன திட்டத்தில், 2016 முடிவில் நிலையான மாற்றம் பெற்றவர்கள் ஏறத்தாழ 17 லட்சம் பேர். விண்ணப்பித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று வங்கிகளைக் காக்க 2008இல் ஒதுக்கிய மீட்பு நிதியின் கண்காணிப்பாளர் அலுவலகமே கணக்குக் கொடுத்தது. அந்த அலுவலகத்தின் முதல் தலைவரான நீல் பரோஃப்ஸ்கி, வங்கிகள் ஏலங்களை மெல்ல மெல்லச் செரித்துக்கொள்ள அவகாசம் தருவதுதான் திட்டத்தின் பயன் என்று நிதியமைச்சர் கைட்னர் தன்னிடம் விளக்கியதாக எழுதினார்.

2010 இலையுதிர்காலத்தில் வேறொரு உண்மை வெளிவந்தது. ஏல வழக்குகளில் தாக்கல் செய்யப்பட்ட உறுதிமொழிப் பத்திரங்களில், படிக்காமலேயே நாளுக்கு நூற்றுக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் வங்கி ஊழியர்கள். கையெழுத்தின் புனிதத்தைப் பற்றிக் குடும்பங்களுக்குப் பாடம் நடத்திய அதே வங்கிகள். 2012 பிப்ரவரியில் ஐந்து பெரிய நிறுவனங்களும் 49 மாநில அரசுகளும் 2,500 கோடி டாலர் உடன்பாட்டுக்கு வந்தன. வீட்டை இழந்தவருக்குக் கைக்கு வந்தது ஆளுக்கு ஏறத்தாழ 1,500 டாலர்.

அசலையே குறைத்திருக்க வேண்டுமா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. பொருளியலாளர்கள் மியானும் சூஃபியும் 2014இல் வெளியிட்ட ‘ஹவுஸ் ஆஃப் டெட்’ நூலில், கடன் சுமை குடும்பங்களின் செலவை நசுக்கியதுதான் நாட்டின் மந்தத்தையே ஆழமாக்கியது, வங்கிகளைக் காத்தவர்கள் வீட்டுக்காரர்களின் அசலைக் குறைத்திருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். கேனாங்கும் நோயலும் ஹாம்ப் தரவுகளை வைத்துச் சொன்னது வேறு: ஆழமாக மூழ்கிய வீட்டுக்காரருக்குத் தவணையைத் தொடாமல் அசலை மட்டும் குறைத்தபோது, தவணை தவறுவது குறையவில்லை, செலவும் கூடவில்லை, மாதத் தவணையைக் குறைத்தபோதுதான் குறைந்தது. எனக்கு இரண்டாவது தரப்பின் சான்று வலுவாகத் தெரிகிறது. அது சாண்டெல்லிக்கும் ஒரு பதில். குடும்பங்கள் பரிசு கேட்கவில்லை. இந்த மாதத்தைத் தாண்டக் காலம் கேட்டன. காலம் கொடுப்பதற்கு வரி கட்டுபவர் அதிகம் இழக்க வேண்டியதில்லை.

2020 இதை நேரடியாகவே காட்டியது. கொரோனா தொற்று பரவியபோது மார்ச் 27இல் நிறைவேறிய சட்டம், அரசு ஆதரவு பெற்ற வீட்டுக்கடன் வைத்திருப்பவர் ‘எனக்குக் கஷ்டம்’ என்று சொன்னாலே போதும், 180 நாள் தவணையைத் தள்ளிவைக்கலாம், மேலும் 180 நாள் நீட்டிக்கலாம் என்றது. சான்று இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. மே மாத இறுதியில் ஒரே சமயத்தில் 47 லட்சம் கடன்கள் தள்ளிவைப்பில் இருந்தன. கேட்டால் கிடைக்கும் என்றானபோது நாடே தவணையை நிறுத்திவிடும் என்று பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. தள்ளிவைப்புப் பெற்றவர்களிலேயே கணிசமானோர் முதல் மாதங்களில் தவணையைத் தொடர்ந்து கட்டினார்கள். பிறகு பெரும்பாலோர் பழைய தவணைக்குத் திரும்பினார்கள். விட்டுப்போனது கடனின் கடைசிக்கு மாற்றப்பட்டது. அந்தக் காலத்தில் வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தது, வேலையும் விரைவில் திரும்பியது என்பது உண்மை. 2009ஐ விட 2020 எளிதான களம். அப்படியானாலும், தகுதியைச் சல்லடை போட்டுச் சலித்த திட்டம் தோற்றதையும், நம்பிக் கொடுத்த திட்டம் வென்றதையும் ஒரே நாடு பதினோரு ஆண்டு இடைவெளியில் பார்த்தது.

வாடகை வீட்டில் இருந்தவரின் கோபத்துக்குத் திரும்புகிறேன். அவருக்கு உரிய பதில் என்ன? ஒன்று, பக்கத்து வீடு ஏலம் போய்ப் பூட்டிக் கிடந்தால் தெருவின் மதிப்பு விழுகிறது. மாசசூசெட்ஸ் தரவுகளின்படி ஏலத்தில் போன வீடு சராசரியாக 27 சதவீதம் குறைவாக விற்றது, மிக அருகிலிருந்த வீடுகளையும் தன்னோடு சற்று இழுத்தது. நகராட்சி வரி குறைகிறது, பள்ளிக்குப் பணம் குறைகிறது. ஒருவர் தவறுக்கு மற்றவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இரண்டு, அமெரிக்க அரசு வீட்டுக்காரர்களுக்கு உதவவே கூடாது என்ற கொள்கையை ஒருபோதும் கடைப்பிடித்ததில்லை. வீட்டுக்கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு தருகிறது. அதில் பெரும்பங்கு போவது பெரிய வீடும் பெரிய சம்பளமும் உள்ளவர்களுக்கு. வாடகைக்காரருக்கு அதில் ஒரு காசும் இல்லை. அவர் கோபப்பட வேண்டிய இடம் அதுவும்தான். மூன்று, 2008 அக்டோபரில் 70,000 கோடி டாலர் மீட்பு நிதிக்கு ஒப்புதல் அளித்தபோது வங்கிகளிடம் யாரும் தகுதிச் சான்று கேட்கவில்லை. 2009 மார்ச்சில், அரசுப் பணத்தில் உயிர்பிழைத்த ஏஐஜி நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், மீற முடியாது என்று அரசுத் தரப்பே சொன்னது.

என் முடிவு இது. தனிமனிதப் பொறுப்பு வேண்டும். அதைக் கைவிட்டு ஒரு கடன் சந்தையும் நடக்காது. ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்து இரண்டு. கட்ட முடியாதவரைக் கண்டுபிடிப்பதுதான் கடன் கொடுப்பவரின் தொழில். அந்தத் தொழிலைச் செய்யாமல் கட்டணம் மட்டும் வாங்கியவர் நட்டத்தில் பங்கேற்றே ஆக வேண்டும். உதவி தவணையைக் குறைப்பதாகவும் காலத்தை நீட்டுவதாகவும் இருக்கட்டும். முதலீட்டுக்கு வாங்கிய இரண்டாவது மூன்றாவது வீட்டுக்கு வேண்டாம். குடியிருக்கும் வீட்டுக்குப் போதும். அதை நிறைவேற்றும் வேலை, ஏலத்தில் லாபம் பார்ப்பவரிடம் இருக்கக் கூடாது. வீட்டைக் காப்பாற்றவே முடியாத குடும்பம் கௌரவமாக வெளியேறி வாடகைக்குப் போக ஒரு வழியும் வேண்டும்.

இதற்கு மிகக் குறைந்த செலவிலான ஒரு வழி நீதிமன்றத்திலேயே இருந்தது. திவால் நீதிபதி, கடன்காரர்கள் அனைவரையும் எதிரே வைத்து, வீட்டின் இன்றைய மதிப்புக்குக் கடனைக் குறைத்து, மீதியைப் பாதுகாப்பற்ற கடனாக வகைப்படுத்தலாம். திவாலாவது யாருக்கும் சுகமான காரியமில்லை. வேண்டுமென்றே தவறுகிறவர் அந்தப் படியேற மாட்டார். வரி கட்டுபவர் பணம் ஒரு டாலர்கூட வேண்டாம். குடியிருக்கும் வீட்டுக்கும் இதை அனுமதிக்கும் மசோதா 2009 மார்ச்சில் கீழவையில் நிறைவேறியது. ஏப்ரல் 30 அன்று செனட் சபையில் 45க்கு 51 என்று தோற்றது. ஆகவே 1978ஆம் ஆண்டுச் சட்டமே இன்றும் நிற்கிறது: அந்தத் திவால் நடைமுறையில் ஓர் அமெரிக்கர் தன் கடற்கரை விடுமுறை வீட்டின் கடனை நீதிபதியிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ளலாம், வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய வீட்டின் கடனையும் குறைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளோடு குடியிருக்கும் ஒரே வீட்டின் கடனை மட்டும் குறைக்க முடியாது.